இருபத்திரண்டாம் ராடு

சாலையை வெட்டக் கூடாது, கீறக்கூடக் கூடாது என்பது உத்தரவு. அதனால் தண்ணீர்க் குழாய் யார் கண்ணிலும் படாமல் இந்த முனையில் பூமிக்குள் நுழைந்து, நூற்றுத் தொண்ணூறு மீட்டர் தள்ளி, மருத்துவமனை மதிலோரம் வெளியே வர வேண்டும். முதலில் மெல்லியதாக ஒரு துளை. பிறகு அதை அகலமாக்கி, ஊசியில் நூல் கோத்த மாதிரி குழாயை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். மேலே பஸ் போகும், பள்ளிக்கூட வேன் போகும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

துளை போடுகிறவரை எல்லோரும் டிரில்லர் என்றே கூப்பிட்டார்கள். அவர் இயந்திரத்தோடு சாலையின் ஆரம்பத்தில் உட்கார்ந்திருப்பார். வேலை நேரத்தில் அவருக்குக் கண் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மண்ணுக்குள் போகிற முனை எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியவள் அவள். முனைக்குள் இருக்கும் சின்னக் கருவி விடாமல் சிக்னல் அனுப்பும். அவள் லொக்கேட்டரைத் தரைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு, அந்தச் சிக்னலுக்கு நேர் மேலே, சாலையில் நடப்பாள். முனைக்குப் பின்னால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டே போகும் இரும்புத் தண்டுதான் ராடு, ஒன்று மூன்று மீட்டர். ஒவ்வொரு ராடு முடிந்ததும் தாரின் மேல் ஒரு சாக்பீஸ் புள்ளி. வாக்கி டாக்கியில் ஓர் எண், மீட்டரில் ஆழம். அந்த எண்ணை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாமல் ஓர் அங்குலம்கூடத் தள்ளக் கூடாது.

முன்பு இந்த லொக்கேட்டரைப் பிடித்து நடந்தவன் அவள் கணவன். வேலையிடத்தில் அவனுக்கு மீட்டர் என்று பெயர். அவன் போன பிறகு, அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்த அவள், பயிற்சி எடுத்துக்கொண்டு அவன் வேலைக்கு வந்தாள். அந்தப் பெயரையும் அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். துளை சரியாமல் இருக்க உள்ளே செலுத்தும் களிமண் கலவையைக் கரைக்கிற பெரியவர் மட்டும் மரியாதைக்கு ஒரு 'அம்மா' சேர்த்து மீட்டரம்மா என்பார்.

டிரில்லர் அவளை அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பதினோரு வருடம். கணவனின் சிநேகிதர், அவனைவிட இரண்டு வயது சின்னவர், கல்யாணப் பந்தலில் மாலை எடுத்துக் கொடுத்தவர். அவன் இறந்தபோது ஈமக் காரியம் அத்தனையும் ஓடியாடிப் பார்த்தவர். மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு சாயங்காலம், ராடுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், தன்னைக் கட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அன்றிலிருந்து அண்ணி என்கிற சொல் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வைக்க வேறு சொல்லும் அவரிடம் இல்லை. அவர் பேச்செல்லாம் தலையில்லாத பேச்சாகிவிட்டது. "இந்தாங்க", "கேக்குதா", "தண்ணி வேணுமா" என்று அந்தரத்தில் தொடங்கும்.

அடுத்த துளை வெளியே வரட்டும், சொல்கிறேன் என்றாள் அவள். அடுத்த துளை எந்தச் சாலையில் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அது இந்தச் சாலை. அவள் கணவனின் கடைசிச் சாலை.

மூன்று வருடத்துக்கு முன்பு இதே இடத்தில் ஒரு துளை பாதியில் நின்றது. மண்ணுக்குள் ராடு ஒடிந்து, முனையும் அதற்குள் இருந்த கருவியும் கீழேயே தங்கிவிட்டன. தோண்டி எடுக்கச் சாலையை வெட்ட வேண்டும், வெட்டக் கூடாது. அதனால் இடத்தை வரைபடத்தில் குறித்துவிட்டு, வேலையைக் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு பத்து நாள், வேலை முடிந்ததும் அவள் கணவன் லொக்கேட்டரை எடுத்துக்கொண்டு தனியாக இந்தச் சாலைக்கு வந்து நடந்தான். கீழே இருக்கும் கருவியின் பேட்டரி இரண்டு நாளில் செத்திருக்கும். அப்புறமும் நடந்தான். பதினோராம் நாள் காலை, வாசலில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தவன் நிமிரவே இல்லை. மாரடைப்பு என்றார்கள். ஒரு ஷூ கட்டியிருந்தது, ஒன்று கட்டியிருக்கவில்லை. அவளுக்கு இன்றைக்கும் அந்தக் கட்டாத நாடாதான் முதலில் ஞாபகம் வரும்.

புதிய துளை அதே இடது ஓரமாகப் போக முடியாது. பழைய முனை அங்கே கிடக்கிறது. அதனால் இரண்டு மீட்டர் வலப்பக்கம் தள்ளி, சாலையின் நடுவாகப் பாதை போட்டிருந்தார்கள்.

அன்று காலை முதல் ராடு உள்ளே போனதும் அவள் எண்ணைச் சொன்னாள். டிரில்லர் திருப்பிச் சொன்னார். உடனே வாக்கி டாக்கியில் சத்தம் கேட்டது. டிக், டிக்.

அவள் நடுச்சாலையில் நின்றுவிட்டாள். அவள் கணவனின் பழக்கம் அது. எண்ணைச் சொல்வான், இவர் திருப்பிச் சொல்வார், 'சரி' என்று வாயால் சொல்லச் சோம்பல்பட்டு, பொத்தானை இரண்டு தடவை அழுத்தி விடுவான். வீட்டில்கூட அவன் அம்மா, அவளுக்கு அத்தை, எதையாவது கேட்டால் நாக்கால் இரண்டு முறை தட்டி அதே சத்தம் எழுப்பி, வாங்கிக் கட்டிக்கொள்வான்.

டிரில்லர்தான் அழுத்துகிறார் என்று நினைத்தாள். அவன் நடந்த சாலை என்று, அவன் ஞாபகமாக. அதை வாயால் சொல்லிக் காட்டாமல், தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. மூன்று வாரமாக எந்தப் பக்கமும் சாயாமல் நின்றிருந்த அவள் மனம், அந்தச் சத்தத்தில் அவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. இந்த மனிதரோடு இருந்தால் அவனை மறக்க வேண்டியிருக்காது என்று தோன்றியது.

இரண்டாம் ராடு. டிக், டிக். ஐந்தாம் ராடு. பத்து. பதினைந்து. ஒருமுறைகூடத் தவறவில்லை.

வெயில் ஏற ஏறச் சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்தது. இரண்டு பக்கமும் உயரமான மதில்கள், மூடிய இரும்புக் கதவுகள். தார் சூடேறிச் செருப்பில் ஒட்டி, ஒவ்வொரு அடிக்கும் யாரோ பின்னால் வருகிற மாதிரி சத்தம் கொடுத்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அவள் வைத்த வெள்ளைப் புள்ளிகள்தான் வரிசையாக அவளைப் பின்தொடர்ந்து வந்திருந்தன. பாதத்துக்குக் கீழே, பூமிக்குள், முனை சுழலும் அதிர்வு லேசாக ஏறி வந்தது. ஆள் தூங்கும்போது மார்பில் கை வைத்தால் தெரியுமே, அந்த அளவுக்கு.

இருபதாம் ராடு முடிந்ததும் டிரில்லர் வழக்கத்துக்கு மாறாக ஒன்று கேட்டார்.

"இங்க ஒரு அரை மீட்டர் கீழ இறக்கிடலாமா? மண்ணு இளகலா இருக்கு."

அவள் லொக்கேட்டரைப் பார்த்தாள். மண் அப்படி ஒன்றும் இளகலாக இல்லை. நான்கு மீட்டர் ஆழத்தில் பழைய கழிவுநீர்க் குழாய் குறுக்கே போகிறது. வரைபடத்தில் இல்லாத ஆழத்துக்குத் தன்னால் கூட்டிப்போக முடியாது என்றாள். சும்மா கேட்டேன் என்றார். மீட்டரம்மா சொன்னால் பூமியே நகர்ந்து வழிவிடும், நீ எந்த மூலை என்று கலவைக்காரப் பெரியவர் பின்னால் சிரிப்பது கேட்டது. டிரில்லர் சிரிக்கவில்லை.

இருபத்தொன்று. டிக், டிக்.

இருபத்திரண்டாம் ராடு உள்ளே போனது. அவள் புள்ளி வைத்தாள். "ரெண்டு எம்பது," என்றாள்.

"ரெண்டு எம்பது," என்றார்.

அவள் காத்திருந்தாள்.

வாக்கி டாக்கியில் காற்றுச் சத்தம் மட்டும் ஓடியது. ஒன்றுமில்லை. ஒரு காகம் மதில்மேல் வந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தது. அடுத்த ராடை மாட்டுகிற இரும்புச் சத்தம் தூரத்தில் கேட்டதும், ஏன் என்றே தெரியாமல் அவளுக்கு முதுகு சில்லிட்டது.

"நிறுத்துங்க," என்றாள். "தள்ளாதீங்க."

"என்ன ஆச்சு?"

"ஏன் இந்தத் தடவை அழுத்தல?"

"எதை?"

"ரெண்டு தடவை. காலைலேர்ந்து அழுத்திட்டு வர்றீங்களே. அவரு மாதிரி."

அவர் குரல் அடியாழத்திலிருந்து வந்தது.

"நான் அழுத்தலையே. நீங்கதான் அழுத்தறீங்கன்னு நெனச்சேன்."

அவள் தன் கையைப் பார்த்தாள். கட்டை விரல் பொத்தான்மேல் இருந்தது. காலையிலிருந்து எண்ணைச் சொல்ல அழுத்தியது தவிர அது வேறு எதற்கும் அசையவில்லை.

தூரத்தில் இயந்திரம் நின்றது. அது நின்ற பிறகுதான் அந்தச் சாலை எவ்வளவு மௌனமானது என்று தெரிந்தது. டிரில்லர் இறங்கி, அவள் வைத்த புள்ளிகளின்மேலேயே நடந்து வந்தார். டிரில்லர்கள் தங்கள் துளையின்மேல் நடப்பதில்லை. அவர்கள் இடம் இயந்திரத்தின் இருக்கை. இந்த மனிதர் ராடு ராடாக எண்ணிக்கொண்டு வருகிற மாதிரி, தலையைக் குனிந்து வந்தார். அவளுக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்றார்.

"பழைய முனை வரைபடத்துல இருக்கற எடத்துல இல்ல," என்றார். "இங்க இருக்கு. இன்னும் ஒரு முழம் தள்ளியிருந்தா இடிச்சிருப்போம்."

இரும்போடு இரும்பு மோதினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ராடு ஒடியும். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் களிமண் கலவை வழி தேடி மேலே வந்து, தாரைப் பிளந்துகொண்டு கொப்பளிக்கும். கடைசியில் சாலையை வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அவள் அப்போது சாலையை நினைக்கவில்லை.

"அந்தப் புள்ளியை நான்தான் வரைஞ்சேன்," என்றாள். "அவரு எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து, நான் வரைஞ்சது."

"தெரியும்."

அப்புறம் அவர் நிறுத்தாமல் சொன்னார். அன்றைக்கு மீட்டர் நிறுத்து என்று கத்தியிருக்கிறான். அடியில் பெரிய கல். இவருக்கு அவசரம், நாலு ராடுதானே என்று தள்ளிவிட்டார். முனை கல்லில் வழுக்கி, ஓரத்திலிருந்து இரண்டு மீட்டர் விலகி, நடுச்சாலைக்கு அடியில் வந்து சிக்கியது. பின்னால் இழுத்தபோது ஒடிந்தது. உண்மையான இடத்தை எழுதினால், நிறுத்தச் சொன்ன பிறகும் தள்ளியது தெரிந்துவிடும், உரிமம் போய்விடும், இயந்திரத்தில் இனி உட்கார முடியாது. இவர் சிநேகிதனின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவன் தாளில் எண்ணை மாற்றி எழுதினான். முனை நேர்ப்பாதையிலேயே ஒடிந்த மாதிரி, ஓரத்தில்.

"பத்து நாள் கழிச்சு என்கிட்ட வந்தான். முடியலடா, பொய்யை அவ கையால வரைய வச்சுட்டேன், நாளைக்கு ஆபீஸ்ல போய்ச் சொல்லிடலாம்னான். நானும் சரின்னேன். மறுநாள்…"

மறுநாளை அவளுக்குத் தெரியும். ஒரு ஷூ கட்டியிருந்தது, ஒன்று கட்டியிருக்கவில்லை.

டிரில்லர் நடைபாதை ஓரக் கற்களின் அருகே போய்க் குனிந்தார். மேலே பூசியிருந்த வெள்ளைப் பெயின்ட்டை இயந்திரச் சாவியால் சுரண்டினார். பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே, கல்லில் உளியால் கொத்திய இரண்டு சின்னக் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நடுச்சாலையைக் காட்டி ஓர் அம்பு. அதன் கீழே எண்: 2.90. ஒன்பதின் வால் உள்பக்கம் சுருண்டிருந்தது. மளிகைச் சீட்டிலும், மகளின் பள்ளிக்கூட நோட்டிலும், காஸ் சிலிண்டர் மாற்றிய தேதியிலும் அவள் பார்த்துச் சலித்த வால்.

"பின்னால வர்றவனுக்குத் தெரியணும்னு கொத்தி வச்சான். அப்புறம் யாரோ ஓரக் கல்லுக்கெல்லாம் பெயின்ட் அடிச்சுட்டாங்க. நான் பார்த்துட்டு நிம்மதியா போனேன்," என்றார். "புதுப் பாதையைப் பார்த்தப்பவே சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க என்னைக் கட்டிக்க மாட்டீங்க. கீழ இறக்கித் தப்பிச்சுடலாம்னு கணக்குப் போட்டேன். நீங்க முடியாதுன்னப்புறமும் வாயைத் திறக்கல."

அவள் அவரை அடிக்கவில்லை. அடிக்கத் தோன்றியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நடுச்சாலைக்குப் போய், அம்பு காட்டிய இடத்தில் லொக்கேட்டரைப் பிடித்தாள். மூன்று வருடமாகச் செத்துக் கிடக்கும் கருவியிடமிருந்து என்ன வரும். ஒன்றும் வரவில்லை. அவளுடைய முனை மட்டும், ஒரு முழம் இந்தப் பக்கத்திலிருந்து, தன் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. பொய் சொன்னது இந்த மனிதர் மட்டுமில்லை. பக்கத்தில் படுத்திருந்தவனும்தான். அன்று அவன் தாளை நீட்டியபோது, சரியா என்று அவள் கேட்டாள். அவன் நாக்கால் இரண்டு முறை தட்டினான்.

"இன்ஜினியரைக் கூப்பிடுங்க," என்றாள். "இதே வார்த்தைல சொல்லுங்க. நான் பக்கத்துல நிப்பேன்."

சொன்னார். இதே வார்த்தையில்தான் சொன்னார். இன்ஜினியர் ஓரக் கல்லையும், வரைபடத்தையும், டிரில்லரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யார் யாருக்கோ போன் செய்தார். கடைசியில் முடிவானது இது: எட்டு ராடு பின்னால் இழுத்து, பதினான்கிலிருந்து இன்னும் வலப்பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும். துளை மூடிக்கொள்வதற்குள் முடிக்க வேண்டும். வேறு டிரில்லர் வந்து சேர நான்கு நாள் ஆகும். துளை அதுவரை தாங்காது. ஆகவே நாளைக்கு இவரே ஓட்டட்டும். அதற்கு மறுநாள் உரிமத்தை ஒப்படைத்துவிட்டு விசாரணைக்கு வரட்டும். லொக்கேட்டர் பிடிக்க உனக்குச் சம்மதமா என்று இன்ஜினியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். காலையில் சொல்கிறேன் என்றாள்.

வீட்டில் அத்தை காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே பெருக்கல் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தாள். அவள் அத்தையின் எதிரில் உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து மடித்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். அந்தச் சத்தத்தை மட்டும் சொல்லவில்லை.

அத்தை அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அத்தை ஒரு தலையணை உறையை மூன்று தடவை பிரித்து மூன்று தடவை மடித்தாள்.

"அந்தப் பத்து நாளும் அவன் சரியாச் சாப்பிடல. உங்கூட ஏதோ சண்டைன்னு நெனச்சுட்டேன்," என்றாள். "மூணு வருஷமா உன் மேலதான் மனசுக்குள்ள கோவம். நான்தான் வெளிய காட்டிக்கல."

"காட்டிக்கலையா?"

"சரி, கொஞ்சமாக் காட்டினேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் அத்தைக்குக் கண் நிறைந்தது. முந்தானையால் அல்ல, மடித்து வைத்த துண்டால் துடைத்துக்கொண்டாள். அதை மறுபடி துவைக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

டிரில்லர் பெண் கேட்ட சேதி அத்தைக்கு முன்பே தெரியும். அண்ணி என்று கூப்பிட்ட வாய் எப்படி மாறும் என்று முதலில் முகம் சுளித்தவள், பிறகு மருமகளுக்கு ஒரு துணை வேண்டாமா என்று தானாகவே இறங்கி வந்திருந்தாள். இப்போது என்ன சொல்வாள் என்று அவள் காத்திருந்தாள்.

"சொல்லாமக் கட்டிட்டு, அப்புறம் தெரிய வந்திருந்தா செருப்பைக் கழட்டியிருப்பேன்," என்றாள் அத்தை. "சொல்லிட்டான். வேலையும் போகப் போகுது, அப்படியும் சொல்லிட்டான். எம்புள்ள சொல்ல வேண்டியதையும் சேத்து அவனே சொல்லியிருக்கான். நான் ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கோவப்படணும், சேத்துத்தான் மன்னிக்கணும். ஒருத்தனை மட்டும் தனியாப் பிரிக்க எனக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சா நீ பிரி."

அவளுக்கும் தெரியவில்லை.

காலையில் அவள் லொக்கேட்டரோடு சாலைக்குப் போனபோது டிரில்லர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்திருக்கவில்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வந்துட்டீங்களா அண்ணி," என்றார்.

மூன்று வாரம் காணாமல் போயிருந்த சொல். அதைத் திரும்ப எடுத்துக்கொண்டதன் மூலம் அவர் வேறொன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. பதினான்காம் புள்ளிக்கு நடந்தாள்.

அன்று அவரைப் பாடாய்ப் படுத்தினாள். ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தாள். முனையின் முகத்தைக் கடிகாரத்தில் மூன்று மணிப் பக்கம் திருப்பித் தள்ளச் சொல்வாள். கை அகலம் தள்ளியதும் நிறுத்தச் சொல்வாள். சரிபார்த்துவிட்டு மறுபடி தள்ளச் சொல்வாள். அவர் ஒருமுறைகூட ஏன் என்று கேட்கவில்லை. அவள் நிறுத்து என்பதற்குள் நிறுத்தினார். மீட்டரம்மா, அவன் என்ன ஸ்கூல் பிள்ளையா, வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கிற என்று கலவைக்காரப் பெரியவர் கேட்டதற்கும் அவர்தான் பதில் சொன்னார், ஒப்பிக்கிறேன், ஒப்பிக்க வேண்டியதுதான் என்று.

ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் அவள் காத்திருந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் காத்திருக்கிறார் என்பது, திருப்பிச் சொன்ன பிறகு அவர் விடும் இடைவெளியில் தெரிந்தது. ஒன்றும் வரவில்லை. நேற்று அந்தச் சத்தம் பயமுறுத்தியது. இன்று அது வராததுதான் பயமாக இருந்தது. வாக்கி டாக்கியின் வெறும் காற்றுச் சத்தத்தில் ஒரு ஆள் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

இருபத்திரண்டாம் ராடில் அவர்கள் பழைய முனையை ஒன்றரை மீட்டர் இடப்பக்கம் விட்டு விலகிப் போனார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போது அவள் அறியாமல் அடியை மெதுவாக வைத்தாள். தூங்குகிறவனின் கட்டிலைக் கடக்கிற மாதிரி. காலடியில் அதிர்வு ஏறி வந்து, கணுக்காலைத் தொட்டு, இறங்கிப் போயிற்று.

முப்பது. நாற்பது. ஐம்பது. மரங்களின் நிழல் சாலையைக் குறுக்காகக் கடந்து எதிர் மதிலில் ஏறத் தொடங்கியது. தாரில் ஒரு மயிரிழை விரிசலும் இல்லை. அறுபத்திரண்டில் முனையை மேல்நோக்கித் திருப்பினாள். அறுபத்து நான்காம் ராடில், மருத்துவமனை மதிலோரம் வெட்டி வைத்திருந்த குழிக்குள் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. சேற்றைத் துப்பிக்கொண்டு இரும்பு முனை வெளியே வந்தது. குறித்து வைத்த ஆணிக்கு ஒரு சாண் பக்கத்தில். நீராவியும் ஈரமண் வாசனையுமாக, அப்போதுதான் பிறந்த மாதிரி கிடந்தது.

அவள் குழியின் விளிம்பில் உட்கார்ந்தாள். சாலையின் அந்தக் கோடியில் இயந்திரம் ஒரு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. இருக்கையில் இருக்கிறவர் முகம் தெரியவில்லை.

"வந்துருச்சு," என்றாள்.

"வந்துருச்சு," என்று திருப்பிச் சொன்னார். மூன்று முறை சொன்னார். நேற்றுவரை இருந்த பழக்கம் அல்ல. அவள் இன்றைக்கு ஏற்படுத்தியது.

இயந்திரம் நின்றது. மறுபடியும் அந்த மௌனம். அவர் மூச்சு விடுவது வாக்கி டாக்கியில் கேட்டது. பொத்தானை அழுத்தியபடியே என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

"நாளைக்கு உரிமத்தைக் கொடுத்துடறேன்," என்றார். "இனிமே யாரு ஓட்டினாலும் பார்த்துத் தள்ளச் சொல்லுங்க. அப்புறம்… துளை வந்தா பதில் சொல்றேன்னு சொன்னீங்க. சொல்ல வேண்டாம் அண்ணி. நான் கேட்டதையே மறந்துடுங்க. அவன் ஸ்தானத்துல நிக்க எனக்கு யோக்கியதை இல்ல."

மருத்துவமனையிலிருந்து யாரோ ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்கள் மூட்டையும் பையுமாக அவள் வைத்த வெள்ளைப் புள்ளிகளின்மேல் நடந்து சாலையைக் கடந்தார்கள். ஒரு புள்ளி செருப்பில் ஒட்டிக்கொண்டு போயிற்று.

அவன் இடத்தில் யாரையும் நிறுத்த அவள் நினைக்கவில்லை. அவன் இடம் அவனுக்கே இருக்கட்டும். பயத்தில் ஒரு பொய் சொன்னவன், அதைத் திருத்த வழி தேடித் தேடிக் கல்லைக் கொத்தினவன், நாடா கட்டி முடிக்காமல் போனவன். அவனை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அவளுக்கு வேண்டியது, எண்ணைச் சொன்னால் திருப்பிச் சொல்கிற ஒரு குரல். நிறுத்து என்றால் நிற்கிற குரல். இன்று முழுவதும் அது நின்றது.

அவள் கட்டை விரலால் பொத்தானை அழுத்தினாள். ஒரே ஒரு முறை. விரலை எடுத்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

டிக்.

சற்றே தள்ளி, இன்னொன்று. டிக்.

அவள் அசையவில்லை. மடியில் இருந்த கை மடியிலேயே இருந்தது. சாலையின் மறுகோடியில் அந்தச் சின்ன உருவம் இருக்கையிலிருந்து எழுந்து நிற்பது தெரிந்தது.

"அண்ணி," என்றார், குரல் உடைந்து. "ரெண்டு தடவை அழுத்தினீங்களா?"

"ஒண்ணுதான் என்னோடது," என்றாள் அவள். "அப்புறம், இனிமே அண்ணின்னு கூப்பிடாதீங்க."